எல்லை தாண்டும் வழக்கு: வேலூர்ப் பக்கத்து விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு கையேடு

ஆம்பூர்த் தோல் ஏற்றுமதியாளருக்கு இத்தாலியிலிருந்து வர வேண்டிய பணம், யாரோ நடுவில் புகுந்து மெயில் போட்டதால் வேறொரு நாட்டுக் கணக்குக்குப் போய்விடுகிறது. குடியாத்தத்திலிருந்து கம்போடியாவுக்கு டேட்டா என்ட்ரி வேலை என்று போன பையன், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான். சேஷாசலம் காட்டில் வெட்டிய செம்மரம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கன்டெய்னரில் சிக்குகிறது. வெட்டியவர்களோ ஜவ்வாது மலைக் கூலிகள். இந்த மூன்று வகையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எந்த ஸ்டேஷன் மேசைக்கும் வரக்கூடியவை. மூன்றிலும் பாதி வழக்கு நம் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

உதவி கேட்டு வெளிநாட்டுக்குப் போகும் கோரிக்கைத் தாள் பதில் இல்லாமல் கிடந்தால், அந்த நாடு ஒத்துழைக்கவில்லை என்று ஃபைலில் எழுதி மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பல தாள்கள் அங்கே புரியாமல் கிடக்கின்றன. படிப்பவருக்கு நம் சட்டப் பிரிவு தெரியாது, நம் ஊர் தெரியாது, இனிஷியல் என்றால் என்ன என்றும் தெரியாது. அவர் மேசையில் இதுபோல் இன்னும் நூறு தாள் இருக்கும். ஐந்து நிமிடம் படித்ததும் தான் எதைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டும் என்று அவருக்கு விளங்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

என்ன வேண்டும் என்று முதலில் பிரியுங்கள்

வெளிநாட்டிடம் கேட்பவை நான்கு வகை. தகவல், டிஜிட்டல் பதிவை அழியாமல் பிடித்து வைத்தல், கோர்ட்டில் நிற்கும் சாட்சியம், ஆள். ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதி ஒரே வாசலில் கொடுத்தால் நான்கும் கெடும்.

தகவல் என்றால் இன்டர்போல் வழி. இந்தியாவில் அதன் தேசிய மத்தியச் செயலகம் புதுதில்லியில் சி.பி.ஐ. கையில் இருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய 'பாரத்போல்' தளத்தில் மாவட்ட எஸ்.பி.க்கள் யூனிட் அதிகாரிகள். அவர்களுக்கு மேல் மாநிலத்தின் இன்டர்போல் தொடர்பு அதிகாரி. அவருக்கு மேல் சி.பி.ஐ. அங்கிருந்து ஐ-24/7 என்ற பாதுகாக்கப்பட்ட வலையமைப்பில் 196 உறுப்பு நாடுகளுக்கும் செய்தி போகும். முன்பெல்லாம் கடிதமும் ஃபேக்ஸும் மெயிலுமாக ஒவ்வொரு படியிலும் நாள் கடந்தது. இப்போது ஸ்டேஷனில் எழுதியதை எஸ்.பி. ஆபீஸிலிருந்தே ஏற்றலாம், எந்தப் படியில் நிற்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் இந்த வழியில் வருவது துப்பு மட்டும்தான். அனுப்பிய நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அதைச் சான்றாவணமாகக் கோர்ட்டில் வைக்கக் கூடாது. வைத்தால், அடுத்த முறை அந்த நாடு வாய் திறக்காது.

அழியாமல் பிடித்து வைக்க, நிறுவனமாக இருந்தால் அதன் காவல்துறைத் தளத்திலேயே நேராகக் கேட்கலாம். நாடு வழியாகப் போக வேண்டுமானால் சி.பி.ஐ.யில் உள்ள 24/7 தொடர்பு மையம். சாட்சியத்துக்கு உள்துறை அமைச்சகம், பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 112ஆம் பிரிவு வழியே கோர்ட்டின் கோரிக்கைக் கடிதம். ஆளைக் கொண்டுவர வெளியுறவு அமைச்சகமும் 1962ஆம் ஆண்டின் நாடுகடத்தல் சட்டமும்.

வரிசையும் முக்கியம். முதலில் அழியாமல் பிடியுங்கள், பிறகு தகவல், அதன் பிறகு சாட்சியம். பலர் நேராகச் சாட்சியத்துக்குப் போகிறார்கள். எட்டு மாதம் கழித்து அந்த லாக் (பயன்பாட்டுப் பதிவு) எங்களிடம் இப்போது இல்லை என்று பதில் வரும்.

பணம் போன வழக்கு: முதல் 72 மணி நேரம்

தோல், காலணி ஏற்றுமதியில் இந்த மோசடி இரண்டு திசையில் நடக்கிறது. ஒன்று, நம் ஏற்றுமதியாளரின் மெயிலுக்குள் புகுந்து, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வெளிநாட்டு வாங்குபவருக்கு எழுதுவது. இன்னொன்று, இங்கே கெமிக்கலோ மெஷினோ இறக்குமதி செய்பவரை, விற்பவர் பெயரிலேயே ஏமாற்றுவது. புகார் வந்ததும் பணம் எந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்று கேளுங்கள். பணம் கிளம்பிய வங்கிதான் அதைத் திரும்பக் கேட்க முடியும். கிளம்பிய நாட்டின் போலீஸ்தான் முதலில் ஓட வேண்டும்.

வாங்குபவர் இத்தாலியில் இருந்தால், நம் ஏற்றுமதியாளர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து பயன் குறைவு. பணம் இந்திய வங்கியைத் தொடவே இல்லை. வாங்குபவர் அன்றைக்கே தன் வங்கியில் திரும்பக் கேட்கும் செய்தியை அனுப்பவைத்து, அங்கேயே போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். இத்தாலியில் இதைப் பார்ப்பது போலிசியா போஸ்டாலே. பெயரைப் பார்த்துத் தபால் திருட்டைப் பிடிப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம், சைபர் குற்றம் அவர்கள் கையில்தான். ஜெர்மனியில் மாநிலக் குற்றப்புலனாய்வு அலுவலகங்களில் நிறுவனங்களுக்கென்றே தொடர்பு மையங்கள் இருக்கின்றன. இங்கே போடும் எஃப்.ஐ.ஆரின் குற்ற எண்ணை அவருக்கும், அங்கே கிடைக்கும் புகார் எண்ணை நமக்கும் பரிமாறிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு இன்டர்போல் வழியில் பேசும்போது இரண்டு எண்ணும் இருந்தால், அந்தப் பக்கம் ஃபைலைத் தேடும் வேலை மிச்சம்.

பணம் ஆம்பூரிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ கிளம்பியிருந்தால் 1930, தேசிய சைபர் குற்றத் தளம், அனுப்பிய வங்கிக் கிளை மூன்றையும் ஒரே மணி நேரத்தில் தொடுங்கள். வங்கியிடம் வாங்க வேண்டியது 'பணம் போய்விட்டது' என்ற கடிதமல்ல. பணம் அனுப்ப வங்கிகள் பரிமாறும் ஸ்விஃப்ட் செய்தியின் முழு நகல் வேண்டும், எம்.டி.103 என்பார்கள், புதிய வடிவில் பாக்ஸ்.008. அதில் உள்ள யு.இ.டி.ஆர். என்ற 36 எழுத்து அடையாளத்தைக் கோரிக்கையின் முதல் பக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள். உலகத்தின் எந்த வங்கியும் அந்த ஒரு எண்ணை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கும். ஃபோட்டோகாபியின் ஃபோட்டோகாபியில் அந்த 36 எழுத்தில் ஒன்று மங்கினாலும் வேலை கெடும். திரும்பக் கேட்கும் செய்தியை அனுப்பியாயிற்றா என்று கேட்டு, அதன் நகலையும் நேரத்தோடு வாங்குங்கள்.

இன்டர்போலிடம் ஐ-கிரிப் என்ற பணம் நிறுத்தும் ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது. பணம் சேர்ந்த நாட்டின் செயலகத்தை நேராக எழுப்பும். அது உதவுவது பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருக்கும்வரைதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் தெரியவந்ததை 'திங்கள் பார்க்கலாம்' என்று வைப்பதுதான் இந்த வழக்குகளில் நடக்கும் பெரிய தவறு. ஆம்பூரில் மாலை 6 மணி என்றால் குளிர்காலத்தில் இத்தாலியில் பகல் 1.30, கோடையில் 2.30. அங்கே வங்கி வேலை நாள் இன்னும் முடிந்திருக்காது. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள்.

ஏற்றுமதியாளரின் கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டியவை: மோசடி மெயிலை இ.எம்.எல். கோப்பாகச் சேமியுங்கள். பிரிண்ட் அவுட்டும் ஃபார்வர்டும், மெயில் வந்த வழியைக் காட்டும் ஹெடரைத் தொலைத்துவிடும். ஹெடர் இல்லாத மெயிலை வைத்து வெளிநாட்டில் யாரையும் தேட முடியாது. அடுத்து, மெயில்பாக்ஸ் அமைப்பில் தானாக ஃபார்வர்ட் ஆகும் விதி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கம்பெனியின் கம்ப்யூட்டர் பையன் ஆர்வத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவான், போனிலேயே தடுத்து வையுங்கள். அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எம் போலக் காட்டுவது பழைய வித்தை, இன்றும் பலிக்கிறது.

கணக்கு எந்த நாட்டில் என்று கண்டுபிடிக்க வங்கியை எதிர்பார்க்க வேண்டாம். ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் காட்டும். ஸ்விஃப்ட் குறியீட்டில் ஐந்தாவது, ஆறாவது எழுத்து நாடு. இத்தாலிக் கம்பெனியின் பில்லில் லிதுவேனியா அல்லது போர்ச்சுகலின் ஐபான் இருந்தால் அங்கேயே மணி அடிக்க வேண்டும். தோல் வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பல புகார் வராமலே போகும்.

கோரிக்கை எழுதும் முறை

பெயரில்தான் நம் ஊர்த் தாள்கள் அதிகம் சறுக்குகின்றன. இன்டர்போல் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'கோ. முருகன்' என்பவரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். அந்தக் கட்டம் காலியாகவும் இருக்கலாம். எஃப்.ஐ.ஆரில் உள்ளபடி எழுதாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். அடியில் ஒரு வரி சேருங்கள்: 'இனிஷியல் தந்தை பெயரின் முதலெழுத்து, இவருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர் கோவிந்தன்.' ஆங்கிலத்தில் ஒரே பெயரை எழுதும் மூன்று நான்கு விதங்களையும் கொடுங்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் இல்லாத வெறும் முருகனை எந்த நாட்டிலும் தேட மாட்டார்கள்.

பிறந்த இடம் அடுத்த குழி. பழைய பாஸ்போர்ட்டில் 'வட ஆற்காடு' என்று இருக்கும். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது. மீதி வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர் என்று பெயர் மாறி, 2019இல் மூன்றானது. ஆக, வாணியம்பாடியில் பிறந்த ஒரே ஆளுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று மாவட்டம். வெளிநாட்டு அதிகாரி வேறு வேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடுவார். 'இவை எல்லாம் ஒரே இடத்தின் பெயர்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நேரத்தை இந்திய நேரத்திலும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யிலும் கொடுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும், அதிகாலை 3.10 என்பது முந்தைய நாள் 21.40 ஆகிவிடும். தேதியும் மாறுவதை மறந்து, ஒரு நாள் தள்ளி யாரோ ஒருவரின் ஐ.பி. (இணைய இணைப்பு முகவரி) விவரத்தை வாங்கிவைத்த ஃபைல்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஐ.பி. முகவரியோடு போர்ட் எண்ணும் வேண்டும். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐ.பி.யை ஒரே நேரத்தில் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. போர்ட் இல்லாவிட்டால் அத்தனை பேரில் நம் ஆள் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

தொகையில் லட்சம், கோடி வேண்டாம். 1.2 கோடி என்றால் 12 மில்லியன் ரூபாய், அன்றைய மதிப்பில் இத்தனை யூரோ என்று எழுதுங்கள். சட்டப் பிரிவை எண்ணால் மட்டும் எழுதாமல் செயலைச் சொல்லுங்கள் (பி.என்.எஸ். என்பது நம் புதிய தண்டனைச் சட்டம்): 'பி.என்.எஸ். 318(4): ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்கவைத்தல், 7 ஆண்டு வரை சிறை.' அவர் தன் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இணையான குற்றம் உண்டா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

நம் போலீஸ் ஆங்கிலத்தில் கையோடு வரும் சில சொற்கள் வெளியே புரியாது. மகஜர், ஹிஸ்டரி ஷீட்டர், ஸ்டேஷன் லிமிட், ஏ1, ஏ2, சி.எஸ்.ஆர்., லாட்ஜ்டு எ கம்ப்ளெய்ன்ட், டூ த நீட்ஃபுல். கடைசியானதை அடித்துவிட்டு, அந்த 'நீட்ஃபுல்' என்னவென்று எண் போட்டு எழுதுங்கள்.

இப்படி அடுக்கலாம். முதல் பத்தியில் என்ன கேட்கிறோம், எப்போதைக்குள், ஏன் அவசரம். இரண்டாவதில் வழக்கின் கதை பத்து வரிக்குள். மூன்றாவதில் அந்த நாட்டோடு என்ன தொடர்பு: இந்தக் கணக்கு, இந்த எண், இந்த முகவரி. நான்காவதில் கேள்விகள். கேள்வி ஒவ்வொன்றும் தனித்தனி. 'கணக்கைப் பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'கணக்கைத் திறந்தவர் பெயர், பிறந்த தேதி, கொடுத்த அடையாள ஆவணம். மார்ச் 4 முதல் மார்ச் 11 வரை வரவு செலவு. இணைய வழியில் நுழைந்த ஐ.பி.கள்' என்று கேட்டால் அவர் அப்படியே தன் வங்கிக்கு அனுப்புவார். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். மொழிபெயர்ப்பைப் பின்னால் இணையுங்கள். இன்டர்போலின் வேலை மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு. தமிழ் ஆவணத்தை அப்படியே ஸ்கேன் செய்து போடுவது வீண்.

செம்மர வழக்கில் இன்னும் ஒன்று. அங்குள்ள கஸ்டம்ஸுக்கு 'ரெட் சாண்டர்ஸ்' என்றால் சந்தனமா என்று குழப்பம். டெரோகார்பஸ் சான்டலினஸ் என்ற அறிவியல் பெயர், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய ஒப்பந்தமான சைட்டீஸின் இணைப்பு 2, உருட்டுக் கட்டைக்கு 4403 என்ற சுங்கத் தலைப்பு மூன்றையும் எழுதுங்கள். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்க வேண்டும். ஒரு இலக்கம் குறைந்தாலும் தேட முடியாது. இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. அதையும் ஒரு வரி சொன்னால், எங்கிருந்து வந்த சரக்கு என்ற கேள்வி அங்கே எழாது. வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்பது

கூகுள், மெட்டா போன்றவை காவல்துறைக்கென்று தனித் தளம் வைத்திருக்கின்றன. அரசு மெயில் முகவரி இல்லாமல் உள்ளேயே போக முடியாது. ஸ்டேஷன் பெயரில் யாரோ திறந்த ஜிமெயிலிலிருந்து எழுதினால் குப்பைக்குத்தான் போகும். முதல் நாளே பிரிசர்வேஷன் (பதிவை அழியாமல் வைக்கும்) கோரிக்கை போடுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் 90 நாள் வைத்திருக்கும், கேட்டால் இன்னொரு 90 நாள் நீட்டும். 80ஆவது நாளில் நினைவூட்ட ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டரின் டைரியில் குறித்துவையுங்கள். நீட்டிக்க மறந்ததால் இழந்த சாட்சியத்தை எந்த ஒப்பந்தமும் திருப்பித் தராது.

கணக்கைத் திறந்தவர் விவரம், நுழைந்த ஐ.பி.கள் போன்ற அடிப்படைத் தகவலை பி.என்.எஸ்.எஸ். 94 நோட்டீஸுக்கே தருவார்கள், தங்கள் கொள்கைக்கு உட்பட்டு. மெயிலின் உள்ளடக்கம் வேண்டுமானால் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்த வழிதான். அமெரிக்காவோடு அந்த ஒப்பந்தம் 2005 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கத்தை மெட்டாவிடம் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம், அவர்களிடம் அது இல்லை, போனில்தான் இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசரக் கோரிக்கை என்ற தனி வழி உண்டு. கம்போடியாப் பையன் வழக்கில் பயன்படும். சாதாரண மோசடிக்கு அந்தப் பொத்தானை அழுத்தினால், பிறகு உண்மையான அவசரத்துக்கு நம் பேச்சு எடுபடாது.

இன்னொரு எச்சரிக்கை: பல நிறுவனங்கள் கணக்குக்காரருக்கு 'உங்கள் விவரத்தைப் போலீஸ் கேட்கிறது' என்று தெரிவிக்கும். தெரிவித்தால் விசாரணை கெடும் என்றால் காரணத்தோடு எழுதித் தடுக்க வேண்டும்.

வரும் டிஜிட்டல் பதிவுகளுக்கு பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்று வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதற்கு இரண்டு பகுதி: கருவியைக் கையாண்டவர் ஒன்று, நிபுணர் ஒன்று, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு. இறக்கிய அன்றே ஹாஷ் எடுத்துவிடுங்கள். ஐ.டி. சட்ட வழக்கை ஆய்வாளருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கோரிக்கைக் கடிதம், நோட்டீஸ், ஆள்

சாட்சியம் கேட்கும் கடிதத்தைக் கோர்ட்டுதான் கொடுக்கும், ஆனால் கோர்ட்டுக்கு முதலில் போகக் கூடாது. வரைவை மாநில உள்துறை வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஐ.எஸ்.-2 பிரிவுக்கு அனுப்பி, ஒப்புதல் வந்தபின் பி.என்.எஸ்.எஸ். 112இல் மனுப் போட வேண்டும். 2019 டிசம்பரில் அமைச்சகம் வெளியிட்ட விரிவான வழிகாட்டுதல் இருக்கிறது. வரைவை அரசு வழக்கறிஞரோடு உட்கார்ந்து அதன்படி எழுதுங்கள். அரசியல், மதம், இனம், ராணுவம் சார்ந்த வழக்கு அல்ல என்ற உறுதி, இதேபோல் நாமும் உதவுவோம் என்ற உறுதி, பெறும் சாட்சியத்தை இந்த வழக்குக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்ற உறுதி மூன்றும் இல்லாத வரைவு திரும்பி வரும். அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஓர் ஆண்டு ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சம்மன் சேர்க்க, வாய்தா தேதியைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிக் கேளுங்கள். அடுத்த வாரத் தேதி போட்ட சம்மன்கள் கடலைத் தாண்டுவதே இல்லை.

தேடப்படும் ஆளுக்கு இன்டர்போல் வழியே ரெட் நோட்டீஸ் போட்டால் இறங்கிய இடத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை தவறு. எல்லா நாடுகளும் அதைக் கைது ஆணையாக ஏற்பதில்லை. பிடியாணை இருக்க வேண்டும், உச்சபட்சத் தண்டனை 2 ஆண்டாவது இருக்க வேண்டும், பிடித்தால் நாடுகடத்தக் கேட்போம் என்ற உறுதியும் வேண்டும். இருக்கும் இடம் மட்டும் தெரிய வேண்டுமானால் புளூ போதும். காணாமல் போனவருக்கு எல்லோ. லுக் அவுட் சர்குலர் இவற்றிலிருந்து வேறு: அது ஒருவர் நாட்டைத் தாண்டுவதைக் கவனிக்க நம் விமான நிலையம், துறைமுகம், தரை எல்லைக் குடியேற்றச் சோதனை மையங்களுக்கு மட்டும், எஸ்.பி. தகுதியில் கேட்க வேண்டும்.

நம் ஆள் வெளிநாட்டிலேயே குற்றம் செய்திருந்தால் இங்கே எஃப்.ஐ.ஆர். போட்டுப் புலன்விசாரணை செய்ய அனுமதி தேவையில்லை. கோர்ட் விசாரணைக்கு மட்டும் பி.என்.எஸ்.எஸ். 208இல் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

அங்கிருந்து நம்மைக் கேட்டால்

வெளிநாட்டு அதிகாரி யாராவது ஆய்வாளரின் வாட்ஸ்அப்புக்கே செய்தி அனுப்புவது இப்போது சகஜம். மரியாதையாக 'கிடைத்தது, உரிய வழியில் அனுப்புகிறேன்' என்று பதில் போடுங்கள். அவர் நாட்டுச் செயலகம் வழியாக வரச் சொல்லுங்கள், எஸ்.பி.க்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் போலீஸ்தானா என்பதற்குச் சீருடைப் படம் சான்றாகாது. முறைப்படி வரும் கோரிக்கைக்கு பி.என்.எஸ்.எஸ். 113 வழி இருக்கிறது. பதில் 'இல்லை' என்றாலும் பதில் போடுங்கள். நம் கோரிக்கைகளுக்கு அந்த நாடு காட்டும் அக்கறை, நாம் அவர்களுடையதுக்குக் காட்டியதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வெளிநாட்டு நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் வருடம் முழுக்கத் தங்குகிறார்கள். தங்கும் வெளிநாட்டவரைப் பற்றி லாட்ஜ் தெரிவிக்க வேண்டிய படிவம் (முன்பு ஃபார்ம் சி) 24 மணி நேரத்துக்குள் ஏறுகிறதா என்று பார்ப்பது உள்ளூர் வேலை போலத் தெரியும். ஆனால் வேறொரு நாடு ஒருவரைத் தேடும்போது முதலில் கைகொடுப்பது அதுதான். வெளிநாட்டவரைக் கைது செய்தால், 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவுப்படி, தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை உண்டு என்று அவரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தைக் கேஸ் டைரியில் எழுதுங்கள்.

தொழில் அறிவைப் பகிர்வது

வழக்குக் கோரிக்கை ஒன்று. ஒரு மோசடி எப்படி நடக்கிறது, எப்படிப் பிடித்தோம் என்று வேறு நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதற்கு வாய்ப்புகள் கூடியிருக்கின்றன: மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமான ஐ4சி நடத்தும் சைட்ரெய்ன் இணையப் பயிற்சி, இன்டர்போலின் இணையப் பயிற்சிகள், இந்தியாவில் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு அதிகாரிகளோடு நடக்கும் அமர்வுகள். வேலூரிலேயே 1979 முதல் சிறை நிர்வாக அகாடமி இருக்கிறது. தென் மாநிலச் சிறை அதிகாரிகள் ஒரே வகுப்பில் உட்காருவதால், ஒரே விதிக்கு நான்கு மாநிலத்தில் நான்கு நடைமுறை இருப்பது அங்கே வெளிப்படும். வெளிநாட்டாரோடு பேசப் போகிறவருக்கு அது நல்ல ஒத்திகை.

இன்னொரு ஒத்திகை சித்தூர். 1911 வரை அதுவும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. இன்றைக்குத் தெலுங்குத் தாள், வேறு படிவம், வேறு சங்கேத எண். எல்லையோரக் கூட்டங்களில் ஒரு வழக்கை அடுத்த மாநில ஆய்வாளருக்கு ஐந்து நிமிடத்தில் புரியவைக்க முடியாதவரால் வீடியோ கூட்டத்தில் போர்ச்சுகல்காரருக்குப் புரியவைக்க முடியாது.

பகிரும் குறிப்பு ஒரு பக்கம் போதும். குற்றம் நடக்கும் முறை, முதலில் தெரிந்த அறிகுறி, வேலை செய்த நடவடிக்கை, வேலை செய்யாதது, காரணம். வேலை செய்யாததைத்தான் நம்மவர்கள் எழுதுவதில்லை. வெளிநாட்டார் கேட்பதோ அதைத்தான், ஏனென்றால் வெற்றிக் கதை அவர்களிடமும் நிறைய இருக்கிறது. பெயர், போன் எண், கணக்கு எண், கம்பெனி எதுவும் வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை பி.என்.எஸ். 72 தடுக்கிறது, சிறுவர் என்றால் போக்சோ 23, சிறார் நீதிச் சட்டம் 74. ஊர்ப் பெயரும் வயதும் சேர்ந்தாலே அடையாளம் வெளிப்பட்டுவிடும், குடியாத்தம் அளவுள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். ஒட்டுக்கேட்கும் முறை, தகவல் கொடுப்பவர், நடந்துகொண்டிருக்கும் வழக்கு மூன்றையும் தொட வேண்டாம். மேலதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

குறிப்பின் தலையில், தாள் யார்வரை போகலாம் என்று காட்டும் டி.எல்.பி. நிறத்தைப் போடுங்கள். சிவப்பு என்றால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டும். ஆம்பர், பெற்றவரின் அமைப்புக்குள்ளும் அதன் வாடிக்கையாளரிடமும் தேவைப்படுபவருக்கு. பச்சை, தொழில் வட்டாரத்துக்குள். கிளியர் யாருக்கும். நிறம் போடாத தாள் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சேரும், அங்கிருந்து குற்றவாளிக்கும்.

கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது கலந்துகொள்ளும் எல்லா நாட்டு நேரத்தையும் அழைப்பிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். 20 நிமிடப் பேச்சு 40 ஆகும் என்று திட்டமிடுங்கள். ஸ்லைடை முந்தைய நாளே அவருக்கு அனுப்புங்கள்.

வழக்கு முடிந்ததும் இரண்டு வேலை மிச்சம் இருக்கும். உதவிய நாட்டுக்கு முடிவைச் சொல்லி வந்த வழியிலேயே ஒரு பத்தி அனுப்புங்கள்: தண்டனையா, விடுதலையா, பணம் எவ்வளவு திரும்பியது. பிறகு போட்ட நோட்டீஸ்களையும் லுக் அவுட் சர்குலரையும் நீக்கக் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அவை வருடக்கணக்கில் நிற்கும். விடுதலையான ஆள் மூன்று வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு வரும்போது மீனம்பாக்கத்தில் நிறுத்தப்பட்டால், இரவு 2 மணிக்குப் போன் வருவது அந்த ஸ்டேஷனுக்குத்தான். அப்போது ஃபைலைத் தேட அதை எழுதிய ரைட்டர் அங்கே இருக்க மாட்டார்.